குழந்தை எத்தனை இரவு உங்களோடு இருந்தது?
அமெரிக்க ரிட்டர்னில் குடும்பச் சலுகைகள்: வாசகர் கேள்வி – பதில்

ஜனவரி பிறந்துவிட்டால் கோவை சரவணம்பட்டியிலும் அவினாசி சாலையிலும் அமெரிக்க வரி ரிட்டர்ன் தயாரிக்கும் அலுவலகங்களில் விளக்கு அணைவதில்லை. ஏப்ரல் 15 வரை இரவு வேலைதான். இந்த முறை வந்த கடிதங்களில் பாதி அங்கிருந்து வந்தவை. மீதி, பிள்ளைகளை அமெரிக்காவில் வைத்திருக்கும் ஈரோடு, நாமக்கல், பொள்ளாச்சிக் குடும்பங்கள் எழுதியவை. இரு தரப்பும் கேட்பது ஒன்றைத்தான்: குழந்தைக்காக, பெற்றோருக்காகக் கேட்கும் சலுகைக்குத் தகுதி உண்டா, அதை எப்படிச் சரிபார்ப்பது? கீழே உள்ள தொகைகள், வேறு ஆண்டு சொல்லாத இடங்களில், 2025 வரி ஆண்டுக்கு உரியவை.

கேள்வி: குழந்தையின் பெயர், பிறந்த தேதி, உடன் வசித்த மாதக் கணக்கு கொடுத்தால் மென்பொருளே ஃபார்ம் 8867-ஐ நிரப்பிவிடுகிறது. அப்படியும் ரிவ்யூவர் "நோட்ஸ் எங்கே?" என்று ரிட்டர்னைத் திருப்பி அனுப்புகிறார். எல்லாக் கட்டத்திலும் 'ஆம்' இருக்கும்போது தனியாக நோட்ஸ் எதற்கு? — வாசகி, சரவணம்பட்டி

பதில்: உங்கள் ரிவ்யூவர் செய்வது சரி. ஃபார்ம் 8867 என்பது தயாரிப்பாளர் தரும் வாக்குமூலம். "வாடிக்கையாளரிடம் விசாரித்தேன், பதில் பொருந்தியது, பொருந்தாத இடத்தில் மேலும் கேட்டேன்" என்று அதில் சொல்கிறீர்கள். விசாரித்ததற்குச் சான்று உங்கள் நோட்ஸ் மட்டும்தான்.

நான்கு இனங்களுக்கு இந்தக் கடமை உண்டு. குறைந்த வருமானத்தில் உழைப்பவர்களுக்கான ஏர்ன்டு இன்கம் டேக்ஸ் கிரெடிட் ஒன்று (கிரெடிட் என்றால் வரியிலிருந்து நேராகக் கழியும் தொகை). சைல்டு டேக்ஸ் கிரெடிட்டும் அதோடு சேர்ந்த கூடுதல் கிரெடிட்டும், மற்ற சார்ந்தோருக்கான 500 டாலர் கிரெடிட்டும் சேர்ந்து இன்னொன்று. கல்லூரிப் படிப்புக்கான அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி கிரெடிட் மூன்றாவது. மணமாகாமல் குடும்பத்தைத் தாங்குபவருக்கான ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டு என்ற தாக்கல் நிலை நான்காவது. ஒவ்வொன்றிலும் படிவத்தை நிரப்பி ரிட்டர்னோடு அனுப்ப வேண்டும். கணக்குத் தாளில் தொகையைக் கணக்கிட வேண்டும். தகவல் முன்னுக்குப் பின் முரணாகவோ குறைவாகவோ தெரிந்தால் மேலும் கேட்டு அன்றே எழுதிவைக்க வேண்டும். எல்லாவற்றையும் 3 ஆண்டு காக்க வேண்டும். இதில் தவறினால் 2025-ல் தாக்கலான ரிட்டர்ன்களுக்கு ஒரு தவறுக்கு 635 டாலர் அபராதம். ஒரே ரிட்டர்னில் நான்கிலும் தவறினால் 2,540 டாலர். விலைவாசியை ஒட்டி இந்தத் தொகை ஆண்டுதோறும் மாற்றப்படுகிறது. தகுதியைத் தீர்மானிக்கும் வேலையை நீங்கள் செய்து கையெழுத்தை அமெரிக்காவில் உள்ளவர் போட்டாலும், நீங்கள் நிரப்பிய 8867-ஐ அவரிடம் ஒப்படைக்கும் கடமை உங்களுக்கு உண்டு.

நோட்ஸ் என்றால் எப்படி இருக்க வேண்டும்? "குழந்தை தகுதி சரி, க்ளையன்ட் உறுதி செய்தார்" என்று எழுதினால் எழுதாததற்குச் சமம். யார், எப்போது, எந்த வழியில், என்ன கேட்டோம், என்ன பதில் என்ற ஐந்தும் இருக்க வேண்டும். மாதிரிக்கு ஒன்று:

"பிப். 11, தொலைபேசி, தாயிடம் பேசியது. கேட்டது: மகன் ஆண்டு முழுதும் உங்களோடுதான் இருந்தானா? பதில்: ஜூன் 5 முதல் ஜூலை 28 வரை பாட்டி வீட்டில் விடுமுறை, மற்ற நாட்கள் என்னோடு. கேட்டது: வீட்டில் வேறு பெரியவர்கள்? பதில்: என் தம்பி, மாதம் 400 டாலர் வாடகை தருகிறார். கேட்டது: குழந்தையின் தந்தை? பதில்: 2022 முதல் வேறு மாநிலம், குழந்தை அவரிடம் தங்குவதில்லை. பள்ளிக் கடிதம் பெற்றோம், முகவரி பொருந்துகிறது."

ஆறேழு வரிதான். இரண்டு ஆண்டு கழித்து ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வரித்துறை) அதிகாரி கோப்பைத் திறந்தால் உங்களைக் காப்பது இந்த ஆறேழு வரி. நோட்டீஸ் வந்த பிறகு நினைவிலிருந்து எழுதினால் செல்லாது. கேட்ட அன்றே எழுதியிருக்க வேண்டும்.

கேள்வி: எங்களுக்கு வரும் ஆவணங்களில் எஸ்.எஸ்.என். (அமெரிக்க சமூகப் பாதுகாப்பு எண்) மறைக்கப்பட்டு, கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிறது. குழந்தையிடம் இருப்பது எஸ்.எஸ்.என்னா, அது பெற முடியாதவர்களுக்கு வரித்துறை தரும் ஐ.டி.ஐ.என்னா என்று கண்டுபிடிப்பது எப்படி? முழு எண்ணையும் அனுப்பச் சொல்லலாமா? — வாசகர், பீளமேடு

பதில்: சொல்லாதீர்கள். வரி செலுத்துவோரின் விவரத்தை அமெரிக்காவுக்கு வெளியே உள்ள தயாரிப்பாளருக்கு அனுப்புவதற்கு, அனுப்பும் முன்பே அவருடைய எழுத்துமூல ஒப்புதல் வேண்டும் என்கிறது அமெரிக்க வரிச் சட்டத்தின் 7216-ஆம் பிரிவு. ஒப்புதல் வாங்கினாலும் எஸ்.எஸ்.என்னை மறைத்துத்தான் அனுப்ப வேண்டும். இரு பக்கமும் விதி கேட்கும் தரவுப் பாதுகாப்பு ஏற்பாடு இருந்து, ஒப்புதலிலும் அது சொல்லப்பட்டிருந்தால் மட்டுமே விலக்கு. மீறினால் 1,000 டாலர் வரை அபராதமும் ஓராண்டு வரை சிறையும் விதிக்க இடமுண்டு. ஒப்புதலில் காலம் குறிப்பிடாவிட்டால் அது ஓராண்டுக்குத்தான் செல்லும். போன சீசனில் வாங்கியதை இந்த சீசனுக்குப் பயன்படுத்தும் முன் தேதியைப் பாருங்கள்.

எண்ணைப் பாராமலே தகுதியைப் பார்க்க வழி இருக்கிறது. அங்குள்ள அலுவலகம் நிரப்பித்தரும் தாளில் ஒவ்வொரு குழந்தைக்கும் மூன்று கட்டம் சேர்க்கச் சொல்லுங்கள்: எண்ணின் வகை, அட்டையில் உள்ள வாசகம், எண் வழங்கப்பட்ட தேதி. ஐ.டி.ஐ.என். எப்போதும் 9-ல் தொடங்கும்; அட்டையைக் கையில் வைத்திருப்பவருக்கு இது ஒரு நொடி வேலை. 'வேலைக்குச் செல்லாது' என்று அச்சிட்ட அட்டையை, அரசு உதவி பெறுவதற்காக மட்டுமே கொடுத்திருந்தால், அதை வைத்து சைல்டு டேக்ஸ் கிரெடிட் கேட்க முடியாது. 'உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அனுமதியோடு மட்டும் வேலைக்குச் செல்லும்' என்ற அட்டைக்கு, அந்த அனுமதி நடப்பில் இருக்கும்வரை கேட்கலாம். பலர் இந்த இரண்டு வாசகத்தையும் ஒன்றாக நினைத்து, குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய 2,200 டாலர் கிரெடிட்டை விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: எச்-1பி விசாவில் இருக்கும் க்ளையன்டின் மகள் இந்தியாவில் பிறந்தவள், ஐ.டி.ஐ.என். வைத்திருக்கிறாள். குடும்பத்துக்கு கிரீன் கார்டு வந்துவிட்டது, எஸ்.எஸ்.என்னுக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். என்ன செய்யலாம்? — வாசகர், திருப்பூர்

பதில்: ஐ.டி.ஐ.என். குழந்தைக்கு 500 டாலர் கிரெடிட் மட்டுமே. 2,200 வேண்டுமென்றால், நீட்டிப்பையும் சேர்த்த கெடு தேதிக்குள் எஸ்.எஸ்.என். வழங்கப்பட்டிருக்க வேண்டும். ஆகவே ஏப்ரல் 15-க்குள் ஃபார்ம் 4868 கொடுத்து அக்டோபர் 15 வரை நேரம் வாங்குங்கள். அட்டை வந்த பிறகு தாக்கல் செய்யலாம். வரிபாக்கி இருந்தால் அதை மட்டும் ஏப்ரலிலேயே கட்டிவிட வேண்டும். நீட்டிப்பு படிவத்துக்குத்தான், பணத்துக்கு இல்லை. பழைய ஆண்டுகளைத் திருத்தி இப்போதைய எஸ்.எஸ்.என்னைப் போட்டு கிரெடிட் கேட்கலாமா என்றும் கேட்பார்கள். முடியாது, அந்தந்த ஆண்டின் கெடுவுக்குள் எண் வந்திருக்க வேண்டும். கூட்டு ரிட்டர்னில் பெற்றோரில் ஒருவருக்காவது வேலைக்குச் செல்லும் எஸ்.எஸ்.என். இருக்க வேண்டும் என்பது 2025-லிருந்து வந்துள்ள புது நிபந்தனை.

கேள்வி: மகனும் மருமகளும் டெக்சாஸில் கிரீன் கார்டுடன் இருக்காங்க. பேத்தி 2024 ஆகஸ்டில் அங்கேயே பிறந்தவள். ரெண்டு பேரும் வேலைக்குப் போவதால் 2025 ஜனவரி 12 அன்று குழந்தையை ஈரோட்டில் எங்களிடம் கொண்டுவந்து விட்டார்கள். மருமகள் பிப்ரவரி 8 வரை இருந்துவிட்டுத் திரும்பினாள். நவம்பர் 9-ல் குழந்தையை அழைத்துக்கொண்டார்கள். "எஸ்.எஸ்.என். இருக்கிறது, சலுகை போட்டுவிடலாம்" என்று அவர்களுக்கு வரி பார்ப்பவர் சொல்கிறார். மகனுக்குப் பின்னால் தொந்தரவு வருமோ என்று பயமாக இருக்கிறது. — அப்பாரு ஒருவர், ஈரோடு

பதில்: உங்கள் பயம் நியாயமானதுங்க. எஸ்.எஸ்.என். என்பது பல நிபந்தனைகளில் ஒன்று. உறவு, வயது, தங்கல், செலவு, கூட்டு ரிட்டர்ன் போடாமை என்று ஒவ்வொன்றாகத் தேற வேண்டும். பேத்தி தவறுவது தங்கலில். ஆண்டில் பாதிக்கு மேல், அதாவது 365 நாளில் 183 நாளாவது, குழந்தை பெற்றோரோடு இருந்திருக்க வேண்டும்.

எண்ணிப் பார்ப்போம். ஜனவரி 1 முதல் 11 வரை 11 நாள். நவம்பர் 9 முதல் டிசம்பர் 31 வரை 53 நாள். மொத்தம் 64. மருமகள் ஈரோட்டில் குழந்தையோடு இருந்த 28 நாளையும் தாராளமாகச் சேர்த்தாலும் 92. பாதிக்கு எட்டவில்லை.

"தற்காலிகமாகத்தானே வெளியே இருந்தாள்?" என்று வரி பார்ப்பவர் வாதாடலாம். படிப்பு, நோய், தொழில், விடுமுறை, ராணுவப் பணி போன்ற காரணங்களுக்காகப் பிரிந்திருக்கும் நாட்களை வீட்டில் இருந்ததாகவே விதி எண்ணுகிறது. இரண்டு மாத விடுமுறைக்கு அப்பத்தா வீட்டுக்கு வந்த குழந்தை என்றால் அதில் அடங்கும். பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று பத்து மாதம் வேறு வீட்டில் வளர்ந்ததை விடுமுறை என்று எழுத முடியாது. ஆறாம் மாதம், ஒன்பதாம் மாதம், ஓராண்டு என்று தடுப்பூசி அட்டையில் வரிசையாக ஈரோட்டு மருத்துவமனை முத்திரை இருக்கும். பாஸ்போர்ட்டில் வந்ததும் போனதும் பதிந்திருக்கும். இவை இரண்டையும் பார்த்த எந்த அதிகாரியும் கேள்வி கேட்பார். தயாரிப்பாளர் முதலிலேயே கேட்டிருக்க வேண்டியவையும் இவையே.

அதற்காக ஒன்றுமே கிடைக்காது என்று நினைக்க வேண்டாம். பேத்தி அமெரிக்கக் குடிமகள். சைல்டு டேக்ஸ் கிரெடிட்டுக்கு உரிய குழந்தையாகத் தேறாவிட்டாலும், 'சார்ந்த உறவினர்' என்ற இன்னொரு வகையில் தேறலாம். மகள் என்ற உறவுக்கு ஒரே வீட்டில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை அந்த வகையில் இல்லை. வேறு எந்த அமெரிக்க வரி செலுத்துவோருக்கும் அவள் தகுதிக் குழந்தையாக இருக்கக் கூடாது. நீங்கள் அங்கே ரிட்டர்ன் போடுபவர் இல்லை என்பதால் அதில் சிக்கல் இல்லை. அவளுடைய ஆண்டுச் செலவில் பாதிக்கு மேல் மகன் தந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கில் நீங்கள் கொடுத்த தங்குமிடத்தின் வாடகை மதிப்பும் உங்கள் பங்காகச் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மகன் அனுப்பிய பணத்தின் வங்கிச் சான்று, பால் பவுடர், மருத்துவமனை பில்கள், பார்த்துக்கொண்ட ஆயாவுக்குக் கொடுத்த சம்பளம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். மகன் பங்கு பாதியைத் தாண்டினால் 500 டாலர் கிரெடிட் முறைப்படி அவருக்கு உரியது.

2024-ஆம் ஆண்டு ரிட்டர்னைப் பற்றிக் கவலை வேண்டாம். அந்த ஆண்டில் பிறந்த குழந்தை, பிறந்ததிலிருந்து டிசம்பர் வரை பெற்றோர் வீட்டிலேயே இருந்ததால் ஆண்டு முழுதும் இருந்ததாகக் கணக்கு. அப்போதைய 2,000 டாலரை அவர்கள் வாங்கியிருந்தால் அது சரியே. 2025-க்கு மட்டும் மகனை நாட்கணக்கை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். அதைப் பார்த்த பிறகும் "போட்டுவிடலாம்" என்று சொல்பவரிடமிருந்து கோப்பை வாங்கிக்கொள்வது நல்லது. தவறான கோரிக்கை கண்டுபிடிக்கப்பட்டால் பணத்தை வட்டியோடு திருப்ப வேண்டும். விதியை அலட்சியம் செய்தது என்று முடிவானால் 2 ஆண்டு, மோசடி என்றால் 10 ஆண்டு அந்தச் சலுகையே கேட்க முடியாது. அடுத்த குழந்தைக்கும் சேர்த்து.

கேள்வி: க்ளையன்ட் நியூ ஜெர்சியில் வேலை, வரிக் கணக்கில் ரெசிடென்ட் (அங்கே வசிப்பவராகக் கருதப்படுபவர்). மனைவியும் நான்கு வயது மகனும் நாமக்கல்லில். இருவரும் 2025-ல் அமெரிக்கா போகவே இல்லை. மகன் இந்தியக் குடிமகன். "மனைவி நான்-ரெசிடென்ட் என்பதால் என்னை மணமாகாதவராகக் கருதலாம், ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டு போடுங்கள்" என்கிறார். மென்பொருளும் ஏற்றுக்கொள்கிறது. — வாசகர், காந்திபுரம்

பதில்: அவர் சொல்வதில் முதல் பாதி உண்மை. மனைவி நான்-ரெசிடென்டாக இருந்து, அவரை ரெசிடென்டாகக் கருதும் தேர்வைச் செய்யாவிட்டால், இந்த நிலைக்கு மட்டும் மணமாகாதவராகக் கருதப்படலாம். இரண்டாம் பாதி இடிக்கிறது. வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் தந்து, அந்த வீட்டில் தகுதியுள்ள ஒருவர் பாதி ஆண்டுக்கு மேல் அவரோடு வசித்திருக்க வேண்டும். மனைவி அந்த 'ஒருவர்' ஆக முடியாது. மகன் அவரோடு வசிக்கவில்லை. மென்பொருள் மாதக் கட்டத்தில் 12 என்று போட்டதை நம்பி ஏற்றிருக்கும். அந்த 12-ஐ யார் சொன்னார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் போன ஆண்டுக் கோப்பிலிருந்து தானாக வந்ததாக இருக்கும்.

அவருக்கு இருப்பது இரண்டு வழி. மணமானவர் தனியாகத் தாக்கல் செய்வது ஒன்று. மற்றது, மனைவியை ஆண்டு முழுதும் ரெசிடென்டாகக் கருதும் தேர்வு செய்து, இருவரும் கையெழுத்திட்ட அறிக்கையை இணைத்து, மனைவிக்கு ஃபார்ம் டபிள்யூ-7 மூலம் ஐ.டி.ஐ.என். கேட்டு, கூட்டு ரிட்டர்ன் போடுவது. இரண்டாவதில் வரி பெரும்பாலும் குறையும். ஆனால் மனைவியின் நாமக்கல் வீட்டு வாடகை, வைப்பு நிதி வட்டி எல்லாம் அமெரிக்க ரிட்டர்னுக்குள் வந்துவிடும். அதைச் சொல்லாமல் கையெழுத்து வாங்காதீர்கள். மகனுக்கு 500 டாலரும் கிடையாது. குடிமகனும் இல்லை, அங்கு ரெசிடென்டும் இல்லை.

கேள்வி: ஆறு மாதம் மகள் வீட்டில் இருந்துவிட்டு வருகிறோம். மருமகன் எங்களைச் சார்ந்தோராகக் காட்டலாமா? — தம்பதி, பொள்ளாச்சி

பதில்: ஒரே ஒரு முறை போய்வந்தவர்களுக்குப் பெரும்பாலும் முடியாது. அமெரிக்கக் குடிமகன் அல்லது வரி நோக்கில் ரெசிடென்ட் என்ற நிபந்தனை இருக்கிறது (கனடா, மெக்சிகோவில் வசிப்போருக்கு மட்டும் விலக்கு). இந்த ஆண்டு நாட்கள், போன ஆண்டு நாட்களில் மூன்றில் ஒன்று, அதற்கு முந்தைய ஆண்டில் ஆறில் ஒன்று ஆகியவற்றைக் கூட்டி 183 வந்தால் ரெசிடென்ட் ஆகலாம். அடுத்தடுத்து போகிறவர்களுக்கு இது வரும். வந்தாலும் தலைக்கு 5,200 டாலருக்குக் கீழ் வருமானம், பாதிக்கு மேல் ஆதரவு, ஐ.டி.ஐ.என். எல்லாம் வேண்டும். ரெசிடென்ட் என்று அறிவித்துக்கொண்டால் உங்கள் தென்னந்தோப்பு வருமானமும் வங்கிக் கணக்கும் அங்கே கணக்குக் காட்டும் பொருளாகிவிடும். 500 டாலருக்காக இதில் இறங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

கேள்வி: விவாகரத்தான தாய், தந்தை இருவரும் தனித்தனியாக எங்கள் அலுவலகத்துக்கே கோப்பு அனுப்பியிருக்கிறார்கள். இருவரும் ஒரே மகனைக் காட்டுகிறார்கள். — வாசகி, கோவை

பதில்: இரவுகளை எண்ணுங்கள். 2025-ல் 365 இரவு. யாரிடம் அதிக இரவு தூங்கினானோ அவரே பொறுப்புப் பெற்றோர். எண்ணிக்கை சமமானால் வருமானம் அதிகமுள்ளவர். தந்தைக்கு விட்டுக்கொடுக்கத் தாய் சம்மதித்தால் ஃபார்ம் 8332-ல் கையெழுத்திட்டு, தந்தை அதைத் தன் ரிட்டர்னோடு இணைக்க வேண்டும். 2008-க்குப் பின் வந்த விவாகரத்துத் தீர்ப்பின் பக்கங்களை அதற்குப் பதிலாக இணைத்தால் செல்லாது. 8332 மூலம் தந்தைக்குப் போவது சைல்டு டேக்ஸ் கிரெடிட் அல்லது 500 டாலர் மட்டுமே. ஏர்ன்டு இன்கம் கிரெடிட்டும் ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டும் தகுதியிருந்தால் தாயிடமே நிற்கும். ஒருவர் கோப்பில் பார்த்ததை மற்றவரிடம் சொல்லக் கூடாது. ஒவ்வொருவரிடமும் பள்ளி நாட்காட்டியை வைத்துத் தனியாகக் கேட்டு, தனியாக எழுதுங்கள்.

கேள்வி: ஒரு பெண் க்ளையன்டுக்கு வீடு சுத்தம் செய்யும் தொழில், வருமானம் 18,000 டாலர், செலவு பூஜ்யம், இரண்டு குழந்தைகள். ரசீது எதுவும் இல்லை. ஏர்ன்டு இன்கம் கிரெடிட் போட்டு அனுப்பலாமா? — வாசகர், பெருந்துறை

பதில்: இப்படியே அனுப்ப வேண்டாம். இரண்டு குழந்தைக்கான அதிகபட்சத் தொகையான 7,152 டாலரை நெருங்கும் இடத்தில் முழு எண்ணாக ஒரு வருமானம் வந்து நிற்கிறது, துடைப்பம் வாங்கிய செலவுகூட இல்லை. கேள்வி கேட்டாக வேண்டிய கோப்பு இது. எத்தனை வீடு, வாரம் எத்தனை நாள், பணம் ரொக்கமா வங்கியா, சோப்பும் துணியும் யார் வாங்கியது, எந்த வண்டியில் போனார், எத்தனை மைல்? 2025-க்கு மைலுக்கு 70 சென்ட் கழிக்கலாம், ஆகவே வண்டியில் போயிருந்தால் செலவு பூஜ்யமாக இருப்பது அரிது. கிரெடிட் கூடுதலாக வரட்டும் என்று செலவை மறைப்பதும் தவறு. வங்கிப் பதிவு, வேலை வாங்கியவர்களின் குறுஞ்செய்தி, நாட்குறிப்பு இவற்றிலிருந்து கணக்கைத் திரும்பக் கட்டலாம். எப்படிக் கட்டினோம் என்பதையும் எழுதிவையுங்கள். ரசீது இல்லாததாலேயே ஏழைப் பெண் ஒருவரின் சலுகையை மறுத்துவிடவும் கூடாது. பதில்கள் பொருந்தினால் போடுங்கள். இந்த கிரெடிட் உள்ள ரீஃபண்டு பிப்ரவரி நடுவுக்கு முன் வராது என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். வாடகைக்கு அதை நம்பியிருப்பார்.

கேள்வி: சீசன் முடிந்ததும் எதையெல்லாம் வைத்திருக்க வேண்டும்? — வாசகர், கரூர்

பதில்: 8867-இன் நகல், கணக்குத் தாள்கள், நம்பிய ஆவணங்களின் நகல், தகவலை யார் எப்போது எப்படித் தந்தார் என்ற குறிப்பு, கேட்ட கேள்விகளும் பதில்களும். கெடு தேதி, தாக்கல் தேதி இவற்றில் பிந்தியதிலிருந்து 3 ஆண்டு. முந்தைய ஆண்டில் சலுகை மறுக்கப்பட்டவர் என்றால், சலுகையை மீண்டும் கேட்பதற்கான ஃபார்ம் 8862-உம் சேரும். இதையும் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள், வாடிக்கையாளர் தானாகச் சொல்ல மாட்டார். சாட்டில் வந்த பதில்களை அங்கேயே விட்டுவிடாமல் பி.டி.எஃப். ஆக்கிக் கோப்பில் சேருங்கள். வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கு மூடப்படும்போது அந்த உரையாடலும் போய்விடும்.